பன்னிரண்டு ஆள் படங்கு

இதில் அவருடைய பெயர் வராது. அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னபோது அவருடைய மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

"பேரை மட்டும் போட்டுராத தம்பி. போட்டா மறுநாளே எவனாவது வேன் கேட்டு வந்து நிப்பான். இந்த மனுசனும் சாவியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவாரு."

பின்னால் அவருடைய குரல் கேட்டது. யாரோ வேன் கேட்கிறார்கள் என்று நினைத்து, எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதனால் இங்கே அவர் வெறும் வேன் மாமா. இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாத்தளை வரை பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்காக யாராவது பாராட்டினால் பாதியை அந்த வேனுக்குக் கொடுத்துவிடுவேன். இடமில்லை என்று அவர் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. அது பதினான்கு பேர் உட்காரும் வேன். நான் ஆறாம் வகுப்பில் ஏறிய வருடம் அதில் முப்பத்தொரு பேர் போனோம். எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். எனக்குக் கணக்கு வரும் என்று எண்ணுகிற வேலையை என்னிடம்தான் கொடுத்திருந்தார். நான் முப்பத்தொன்று என்று சொன்னதும் கண்ணாடியில் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பார்.

"இன்னும் ஒரு ஆளு ஏறலாம்."

இடம் இருப்பதைப் பார்த்துச் சொல்கிற பேச்சு இல்லை அது. சொல்லிவிட்டுத்தான் இடத்தைத் தேடுவார். யாராவது ஒரு பையனின் புத்தகப் பை கூரைக்குப் போகும், ஒரு தங்கச்சி எஞ்சின் பெட்டிக்கு மேல் போவாள், இன்னொருவன் தன் காலை யாருடையது என்று தெரியாத கால்களுக்கு நடுவில் நுழைப்பான். கடைசியில் கதவைச் சாத்துவதற்கென்று ஒரு முறை இருந்தது. குட்டையாக இரண்டு ஹோர்ன் அடிப்பார். அடித்ததும் உள்ளே இருக்கிற எல்லோரும் மூச்சை வெளியே விட வேண்டும். அந்த ஒரு நொடிக்குள் கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த முழு மூச்சை மாத்தளையில் இறங்கித்தான் இழுப்போம். இப்போது நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஆனால் எங்காவது இரண்டு ஹோர்ன் சேர்ந்தாற்போல் கேட்டால் இன்றைக்கும் என் நெஞ்சு தானாகச் சுருங்கிக்கொள்கிறது.

அடியும் மீற்றரும் அவருக்குத் தெரியாதவை அல்ல. அவற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. எல்லாவற்றையும் ஆள் கணக்கில்தான் அளப்பார். கோயிலில் உட்காருகிற வாங்குப் பலகை ஏழு ஆள். குளிக்கிற தண்ணீர்ப் பீலி மூன்று ஆள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, இது பதினெட்டு ஆள் பழம் என்பார். வெட்டினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. முதலாம் வகுப்பு மூன்று சேர்ந்தால் ஓர் ஆள். பதினோராம் வகுப்பு என்றால் ஒன்றரை, பையோடு சேர்த்து இரண்டு. பின்னங்களை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடம் நான் முக்கால் சீட்டில் உட்கார்ந்து போனவன்.

ஒருமுறை இரத்தோட்டைக்குக் கீழே பொலிஸ்காரர் ஒருவர் வேனை மறித்தார். கதவைத் திறந்தார், மூச்சை விட்டிருந்த நாங்கள் எல்லோரும் ஒரேயடியாக மூச்சை இழுத்தோம், முன்னால் இருந்த இரண்டு பேர் அவர் மேலேயே போய் விழுந்தார்கள். எத்தனை பேர் என்று அவர் சிங்களத்தில் கேட்டார். எல்லாம் சின்ன உடம்புதான் மாத்தயா என்று இவர் சிங்களத்திலேயே சொன்னார். தடித்த புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கியவரிடம், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று இவர் கேட்டார். அவரும் மாத்தளைக்குத்தான். பஸ் வரவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தப் பொலிஸ்காரர் மடியில் ஒரு முதலாம் வகுப்பையும் தொப்பிக்குள் யாருடையதோ சாப்பாட்டுப் பெட்டியையும் வைத்துக்கொண்டு மாத்தளை வரை எங்களோடு வந்தார். இறங்கும்போது எழுத வேண்டியதை எழுதித்தான் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட இவருக்கு அன்றைக்குப் பெருமை வேறு விஷயத்தில்.

"பொலிஸ்காரரு ரெண்டு ஆளு. அப்பவும் சாத்துச்சு பாத்தியா கதவு."

எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலில் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டுவதும் அவர்தான். மூன்று ராஜாக்கள் வர வேண்டிய இடத்தில் ஒரு வருடம் ஐந்து பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் யானை, ஒரு கிரிக்கெட் வீரர், தலையாட்டுகிற ஒரு செட்டியார் பொம்மை. பூசைக்கு வந்த சாமியார் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இவர்களெல்லாம் யார் என்று கேட்டார்.

"பாத்தேன் சாமி. குகையில எடம் சும்மா கெடந்துச்சு."

மாதாவுக்குச் சத்திரத்தில் இடமில்லாமல் போன கதையை வருடா வருடம் கேட்கும்போது அவருக்கு உள்ளபடியே கோபம் வரும். சத்திரக்காரனுக்கு இடம் பார்க்கத் தெரியவில்லை என்பது அவருடைய கட்சி.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு முடிகிறது. அத்தைக்கு அப்படி இல்லை. வேனில் இருந்த இடம் அவர் வீட்டிலும் இருந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், மருந்து எடுக்க வந்து மழையில் மாட்டிக்கொண்டவர், வயர் இழுக்க வந்த மின்சாரக்காரர், மிளகு வாங்க வந்து வழி தவறிய வியாபாரி, எல்லோரும் அந்த இரண்டு அறைக்குள் எப்படியோ அடங்குவார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் டீ போடுவது அத்தை. காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு வந்து போடுவார். தனக்கும் ஒரு கோப்பை ஊற்றி ஜன்னல் கட்டையில் வைப்பார். இரண்டு வாய் குடிப்பதற்குள் வாசலில் இவருடைய குரல் கேட்கும். அத்தை எழுந்து போவார். திரும்பி வரும்போது டீயில் ஆடை படிந்திருக்கும். அத்தை ஒரு கோப்பையைக் கடைசி வரை குடித்ததை என் பள்ளிக்கூடக் காலத்தில் நான் பார்த்ததே இல்லை.

பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள். தோட்டம் வரை பஸ் வந்தது. மாமாவின் முழங்காலும் தினமும் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்றது. வேன் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு வரும் வழியில் அதைக் கண்டார்கள். ரோட்டோரம் ஒரு வெளிநாட்டுத் தம்பதியின் வேன் நின்றது. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்த வேன். அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு துணிக்கூரை விரிந்து இரண்டு கம்புகளில் நின்றது. அதன் கீழே இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புருஷன் உள்ளேயிருந்து ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

அத்தை தங்கள் வேனை நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒரே காட்சியைத்தான் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

"அத மாதிரி எனக்கு ஒரு நாளு வேணும்," என்றார் அத்தை. "முப்பது வருசமாக் கொழுந்து எடுத்திருக்கேன். வேற யாராச்சும் போட்டுக் குடுத்த டீய நெழல்ல உக்காந்து, பாதியில எந்திரிக்காம, அடி வரைக்கும் குடிக்கணும். அவ்வளவுதான். நம்ம ரெண்டு பேரு மட்டும்."

மாமா தலையாட்டினார். அவருடைய கண் துணிக்கூரையில் இருந்தது.

"அதுக்குக் கீழ சொளையா எட்டுப் பேரு நிக்கலாம்," என்றார்.

அந்த மாதமே சீட்டுகளைக் கழற்றினார். பலகையால் கட்டில் வைத்தார், ஒரு காஸ் அடுப்பு வைத்தார். கடைசி நீள சீட்டை மட்டும் கழற்றவில்லை. எதற்கு என்று அத்தை கேட்டதற்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். மிச்சம் இருந்தது படங்கு. ஆங்கிலத்தில் அதற்கு ஓனிங் என்று பெயர். எங்கள் பக்கத்தில் லொறிக்குப் போடுவதும் நெல் காயவைப்பதும் செத்த வீட்டு வாசலில் கட்டுவதும் எல்லாமே படங்குதான்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் இருந்தேன். போனில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் என்பதால் படங்கு தேடுகிற வேலை என்னிடம் வந்தது. நான் அதை மனப்பூர்வமாகச் செய்தேன். ஒரு கொப்பியில் கட்டம் போட்டு எழுதினேன். கைப்பிடியைச் சுற்றினால் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருகிற வகை; வேனின் மூலையிலிருந்து வௌவால் சிறகு மாதிரி விரிகிற வகை; கூரைக் கம்பியில் கட்டி முன்னால் இரண்டு கம்பு ஊன்றுகிற வகை. ஒவ்வொன்றுக்கும் நேரே காற்று, மழை, எடை, விலை. ரிவர்ஸ்டன் காற்றுக்குச் சிறகு வகை ஆகாது, பறந்துவிடும். எந்த வகையானாலும் முன் மூலை ஒன்றைத் தாழ்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் நடுவில் தேங்கும். அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பெட்டி வகையின் விலையைப் பார்த்ததும் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா எழுதியிருக்க தம்பி. எத்தன ஆளுன்னு எங்கயும் எழுதலியே."

மாத்தளை டவுனில் லொறிப் படங்கும் குஷனும் தைக்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனோம். அத்தையும் வந்தார். வரும்போது கையோடு ஒரு பிளாஸ்க்கும் ஒரு வெள்ளைக் கோப்பையும் கொண்டுவந்தார். பயணத்தில் தாகம் எடுக்கும் என்பதற்காக என்று நினைத்தேன்.

கடை வாசலில் பையன்கள் துணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்தார்கள். அத்தை ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று கோப்பையில் பால் விடாத பிளேன்டீயை ஊற்றிப் பார்த்தார். நீலத் துணிக்குக் கீழே பார்த்துவிட்டு மருந்து மாதிரி இருக்கிறது என்றார். பச்சைக்குக் கீழே அது கசாயம். எல்லோருக்கும் பிடித்திருந்தது செம்மஞ்சள்தான். அதன் கீழே நின்றபோது கோப்பை தகதகவென்று இருந்தது. அத்தை மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குக் கீழ பச்சத்தண்ணிகூட நல்ல சாயமாத்தான் தெரியும். பொய்யி."

கடைசியில் சாயம் போடாத வெறும் கன்வஸ் ஒன்றை எடுத்தார்கள். கோணிப்பையை விடக் கொஞ்சம் வெளுப்பு. அதன் கீழே அத்தை நெடுநேரம் கோப்பையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல டீ டீயாத் தெரியுது. இதப் போடுங்க. ரெண்டு நாற்காலி அளவுக்கு."

நானா அசந்துபோனார். வருகிறவர்கள் துணியை இழுத்துப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், டீ ஊற்றிப் பார்த்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அத்தை கோப்பையைக் கழுவப் பின்பக்கம் போனார். போனதும் மாமா வேலையைத் தொடங்கினார். ஒரு பழைய லொறிப் படங்கை நான்கு பேரைப் பிடிக்கச் சொன்னார். கடைப் பையன்கள், நான், லொத்தர் சீட்டு விற்பவர், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு அக்காமார், ஒரு ஐஸ்கிரீம்காரர் என்று கையைப் பிடித்து இழுத்துவந்து அதற்குக் கீழே வரிசையாக நிறுத்தினார். நானாவையும் விடவில்லை.

"நீங்களும் வாங்க நானா. நீங்க வந்தீங்கன்னா ஒண்ணரை கணக்கு."

"அடி சொல்லுங்க, அங்குலம் சொல்லுங்க, தெச்சுத் தாறேன்," என்றார் நானா. "ஆள் கணக்குல தெக்க எனக்கு ஏலாது."

மாமா பன்னிரண்டு என்று முடிவு செய்தார். அதை அடியாக்கியவன் நான். ஓர் ஆளுக்கு அகலம் ஒன்றரை அடி. பன்னிரண்டு ஆளுக்குப் பதினெட்டு அடி. வெளியே நீட்டுவது பத்து அடி. துண்டில் எழுதி நானாவிடம் கொடுத்தேன். பெருக்கலில் பிழை இல்லை. வேனின் நீளம் எத்தனை அடி என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

வேன் பதினைந்தரை அடி.

சுருட்டிக் கூரையில் கட்டினால் சுருள் பின்பக்கம் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மரம் ஏற்றுகிற லொறிக்குக் கட்டுவது போல அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டியதாயிற்று. விரித்தால் கோழிக்குப் பந்தல் போட்டது மாதிரி வேன் அதன் ஓரத்தில் ஒடுங்கி நின்றது. அத்தை சுற்றிவந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன்.

"அளவு யாரு குடுத்தா?"

"ரெண்டு பேரும்தான்," என்றார் மாமா. எனக்கும் அதில் ஓர் இடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வில்கமுவப் பக்கம் ஆற்றோரமாகப் போவதென்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமையே பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு பிள்ளை பெரியவளாகிவிட்டாள். எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால் எந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அது அங்கே போய்விடும். ஒருவர் அண்டா கொடுப்பார், ஒருவர் பாய் கொடுப்பார். எங்களிடம் இப்போது பதினெட்டடிப் பந்தல் சக்கரத்தோடு இருந்தது. கேட்க வந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் மாமா சாவியை எடுத்துவிட்டார். சடங்கு முடிந்த கையோடு மேல் டிவிஷனில் ஒரு சாவு. பிறகு கண் பரிசோதனைக்கு டாக்டர்மார் வந்தார்கள். பிறகு கோயில் திருநாள். வேன் முன்னால் போய் நிற்கும், படங்கு விரியும், ஆட்கள் கீழே வந்து சேருவார்கள். அதே வேனில் அடுப்பும் இருந்தது. அதனால் அத்தையும் கூடப் போக வேண்டியிருந்தது. எழுபது பேருக்கு டீ.

டீயை நின்றுகொண்டு போட்டார். தன்னுடைய படங்கின் கீழே, தனக்கென்று வாங்கிய அடுப்பில். அவர் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் படங்கு இரண்டு மாதத்தில் மூன்று சாவும் இரண்டு சடங்கும் கண்டது. வில்கமுவ ரோட்டைக் காணவில்லை. போகலாம் போகலாம் என்று மாமா மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இதை முடித்துவிட்டுப் போகலாம் என்பார்.

கடைசியாக வந்தது தொழிற்சங்கக் கூட்டம். நல்ல மழை. மூலையைத் தாழ்த்திக் கட்டுங்கள் என்று நான் சொன்னேன். தாழ்த்தினால் அந்த மூலையில் மூன்று ஆள் குறையும் என்று மாமா மறுத்துவிட்டார். தண்ணீர் நடுவில் தேங்கிப் படங்கு சினைமாட்டு வயிறு மாதிரி இறங்கியது. தலைவர் அதற்கு நேர் கீழே நின்று சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உதவி செய்கிறேன் என்று யாரோ ஒருவர் விளக்குமாற்றுக் கட்டையால் கீழேயிருந்து ஒரு குத்துக் குத்தினார். தண்ணீர் மொத்தமும் ஓரமாக ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. தலைவர் பேச்சை நிறுத்தவில்லை என்பதை மரியாதைக்காகச் சொல்ல வேண்டும். தலையைத் துவட்ட அவர் அத்தையிடம் துணி கேட்டார். அத்தை துணியைக் கொடுத்தார். தலைவர் கூடவே சூடாக ஒரு டீயும் கேட்டார். அத்தை தனக்கென்று ஊற்றி வைத்திருந்த கோப்பையைப் பார்த்தார். அதைத் தூக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அத்தை என்னைக் கூப்பிட்டார். ஒரு சோக்கட்டி கொண்டுவரச் சொன்னார். போனபோது படங்கு முற்றத்தில் விரித்துக் கிடந்தது. அதன் ஒரு கோடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தன. அத்தையின் கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை வெட்டி மட்டம் செய்கிற அந்தக் கத்தியின் கூர்மையைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலிகளைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார். மழைச்சாரலுக்கு ஓர் அடி கூடுதலாக விடலாம் என்று யோசனை சொன்னேன். விடச் சொன்னார். நான் சொன்ன அளவு ஒன்று கடைசியில் உபயோகப்பட்டது.

மாமா வாசலில் நின்றார். தடுக்கவில்லை. கத்தி ஓட ஓட அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"பத்து ஆளு போச்சு," என்றார்.

"போகட்டும். நிக்கிறவங்கதான் போயிருக்காங்க. உக்காருறவங்க ரெண்டு பேரும் இருக்காங்க."

அத்தை பெரிய துண்டை மடித்தார். என்னையே தூக்கவைத்து மரண உதவிச் சங்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். இனிமேல் பந்தல் வேண்டுமென்றால் சங்கத்தில் கேளுங்கள், எங்கள் வேனைக் கேட்காதீர்கள் என்று அங்கே இருந்தவர்களிடம் தெளிவாகச் சொன்னார். சின்னத் துண்டை மாத்தளையில் நானாவிடம் கொண்டுபோனோம். ஓரம் மடித்துத் தைக்கும்போது, கோடு இழுத்த மாதிரி நேராக வெட்டியிருக்கிறதே, எந்தக் கடையில் வெட்டினீர்கள் என்று அவர் கேட்டார். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. வெட்டினவங்க நம்ம வீட்டு ஆளு என்று தோளை நிமிர்த்திச் சொன்னார்.

புதன்கிழமை காலையில் போனார்கள். புதன்கிழமை யாரும் சடங்கு வைப்பதில்லை என்று அத்தை பார்த்து வைத்திருந்தார். இரண்டு பேர் மட்டும். நான் கூடப் போகவில்லை. நடந்ததை அத்தை ஒருவிதமாகவும் மாமா ஒருவிதமாகவும் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகிற பகுதிகளை மட்டும் எழுதுகிறேன்.

வில்கமுவப் பக்கம் வயல்களுக்கு நடுவில் ஒரு சந்தியில் மாமா வேனை நிறுத்தினார். ஒரு பெரிய மரம் இருந்தது, தூரத்தில் தண்ணீர் தெரிந்தது. சின்னப் படங்கை விரித்தார்கள். ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டினார்கள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா உள்ளே போய் டீ போட்டார். இரண்டு கோப்பை என்று அத்தை சொல்லியிருந்தார். மாமா வாழ்க்கையில் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் வைத்தவர் இல்லை. கேத்தலை நிரப்பி வைத்தார். கோப்பையைக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தபோது மழை பிடித்தது.

அப்போதுதான் அந்தச் சந்தி பஸ் நிறுத்தம் என்று தெரிந்தது. தங்குமிடம் எதுவும் இல்லாத நிறுத்தம். அந்தப் பக்கம் பஸ் வருவது அபூர்வம். வந்தபிறகு ஓடினால் பிடிக்க முடியாது என்று ஆட்கள் நேரத்தோடு வந்து வயலோரம் அங்கங்கே நின்றிருந்தார்கள். மழையைக் கண்டதும் அத்தனை பேரும் படங்கைப் பார்த்து ஓடிவந்தார்கள். நெல் மூட்டையோடு ஒருவர், சேவலோடு ஒருவர், வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அத்தை இரண்டு வாய்தான் குடித்திருந்தார். கோப்பையைப் பிடித்தபடியே மாமாவைப் பார்த்தார்.

மாமா படங்கைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துப் படங்குக்கு முன்னால் மழையில் போய் நின்றார். இங்கே இரண்டு பேருக்குத்தான் இடம் என்று சிங்களத்தில் சொன்னார். இடமில்லை என்று அவர் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

இருபத்து மூன்று பேர். கட்டிலில், அடுப்புக்குப் பக்கத்தில், கழற்றாமல் விட்ட நீள சீட்டில். மூட்டையும் சேவலும் தனி. கேத்தலில் இருந்த டீ அவர்களுக்குச் சரியாக ஆளுக்கு அரைக் கோப்பை வந்ததாம். மாமா உள்ளே நின்று ஒவ்வொருவராக நகர்த்தி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்து மாமாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன். மழை வழிகிற கண்ணாடி, அதற்கு அப்பால் வெளுத்த கன்வஸ், அதன் கீழே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கோப்பை வாயில் இருக்கிறது. மற்ற நாற்காலி காலி.

படத்துக்குப் பிறகு நடந்ததை அத்தைதான் சொன்னார். வேனுக்குள்ளிருந்து குட்டையாக இரண்டு ஹோர்ன் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருக்கிற ஒருவருக்கும் எதற்கு ஹோர்ன் என்று தெரிந்திருக்காது. அத்தை கடைசி வாயைக் குடித்து முடித்தார். எழுந்திருக்காமல் குரல் மட்டும் கொடுத்தார்.

"ஏங்க. இங்க இன்னும் ஒரு ஆளு உக்காரலாம்."

மாமா முன்கதவால் இறங்கி, நனைந்த சட்டையோடு வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்து மூன்று பேரும் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் பழக்கத்தில் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு நடுவில் இடம் விட்டார். அத்தை அந்த இடத்தில் காலிக் கோப்பையை வைத்தார்.